பலபொருள் ஒருசொல்லும் தோட்டத்துப் பிள்ளையும்

ஆங்கிலச் சொற்கள் பலவற்றிற்கு ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பொருள்கள் உண்டு என்பது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. ஆயினும் இச்செய்தியை மூலதனமாகக் கொண்டு தமிழ்ச் சூழலில் இருவகை வாணிகம் நடைபெற்று வருகின்றது. ஒன்று மேடை வாணிகம். தமிழின் பெருமை பேச எழும் சொல்லின் செல்வர்கள், ஆங்கிலத்திலே தீக்குச்சிக்கும் ‘மாட்ச்’, பந்தாட்டப் போட்டிக்கும் ‘மாட்ச்’, திருமணப் பொருத்தத்திற்கும் ‘மாட்ச்’ என்று கூறி அவையோரைச் சிரிக்க வைத்து, ‘இதுவும் ஒரு மொழியா?’ என்று கேட்டுக் கைதட்டல் பெற்று அமர்வர். மற்றையது வகுப்பறை வாணிகம். ஆங்கிலச் சொல் இடப்புறம், தமிழ்ப் பொருள் வலப்புறம், நடுவிலே ஒரு கோடு. நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள். மனனஞ் செய்தவன் கெட்டிக்காரன், செய்யாதவன் மக்கு. முன்னவர் ஆங்கிலத்தை இகழ்கின்றனர். பின்னவர் அதனைத் தொழுகின்றனர். ஆனால் இருசாராரும் ஒரே பிழையின் மீதே நிற்கின்றனர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இருப்பதே மொழியின் இயல்பு என்பதே அப்பிழை. இதற்கு விலை கொடுப்போர் மேடையில் இருப்போரல்லர். உடப்புசல்லாவையிலும் இராகலையிலும் அட்டனிலும் பொகவந்தலாவையிலும் தோட்டப் பாடசாலைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே அவ்விலையைக் கொடுக்கின்றனர்.

மேடைக்காரரை முதலில் கவனிக்கலாம். அவரைக் கவனித்து முடிப்பது எளிது. பலபொருள் ஒருசொல் ஒரு மொழியின் குறையாயின், அக்குறையை முதலில் ஒப்புக்கொண்டவர் தொல்காப்பியர். சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்திலே அவர் அத்தகைய சொற்களை வினை வேறுபடுவன, வினை வேறுபடாதன என இரண்டாகப் பகுத்தார். பொருளைத் தெரிந்துகொள்ளும் வழி வினையும் இனமும் சார்பும் என்றார். மா என்பது மரம், விலங்கு, நில அளவு. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. நிகண்டு செய்தோர் இதற்கும் ஒருபடி மேலே சென்றனர். திவாகரத்தின் பதினோராவது தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டது. சிலேடை பாடிப் பரிசில் பெற்ற புலவர் பரம்பரை ஒன்று தமிழில் உண்டு. காளமேகத்தின் புகழ் பெரும்பாலும் அதன்மேல் எழுந்ததே. தன் வீட்டில் அணியெனப் போற்றியதை அயல்வீட்டில் ஊனமெனக் காட்டுவது அறிவுடைமையாகாது.

இனி, ஆங்கிலத்தில் இச்சொற்கள் தோன்றிய வகையேனும் இவர்களால் ஆராயப்பட்டதா எனின், அதுவுமில்லை. தீக்குச்சி மாட்ச், விளக்குத் திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வழிவந்தது; போட்டியையும் பொருத்தத்தையும் குறிக்கும் மாட்ச் ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. அதற்கு முன்னரே வடகடல் வழிவந்த நோர்ஸ் மக்களின் சொற்கள் கலந்திருந்தன. இலத்தீன் ஒருபுறம் வந்தது. வெவ்வேறு மலைகளில் உருண்ட கற்கள் ஓர் ஆற்றில் விழுந்து தேய்ந்து ஒரே வடிவம் பெற்றாற்போல, வெவ்வேறு பிறப்புடைய சொற்கள் ஒலி தேய்ந்து ஒன்றுபோலாயின. அவை பலபொருள் ஒருசொல்லும் அல்ல. ஒரே உடையணிந்த பல சொற்கள். வேடிக்கை யாதெனில், மேடைக்காரர் மாட்ச்சுக்கு அடுத்தபடியாக விரும்பி எடுக்கும் எடுத்துக்காட்டாகிய ‘பாங்க்’ அவர் நினைப்பதற்கு நேர்மாறானது. பணம் வைக்கும் வங்கியும் ஆற்றங்கரையும் தொடர்பற்றவை என்று அவர் முழங்குவார். நாணயம் மாற்றுவோரின் பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வங்கி வந்தது. அச்சொல்லும் ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல்லும் மேட்டையும் திண்ணையையும் சுட்டிய ஒரே பழைய ஜெர்மானிய வேரிற் கிளைத்தவை. தொடர்புள்ளதைத் தொடர்பற்றதென்றும், தொடர்பற்றதை ஒன்றேயென்றும் கொள்வோர் சொல்லாராய்ச்சியை விடுத்து வேறு தொழில் பார்ப்பது நன்று.

வகுப்பறை வாணிகமோ இவ்வாறு எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. அதன் தீங்கை உணர உடப்புசல்லாவைக்குச் செல்ல வேண்டும்.

நுவரெலியாவிற்குக் கிழக்கே, ஊவாவின் எல்லையை நோக்கிச் சரியும் மலைகளில் அமைந்தது இப்பகுதி. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசப் பெயர்களுள் ஒன்றாக உலகச் சந்தையில் அறியப்படுவது. இத்தேயிலையைக் கீழே இறக்குவதற்கென நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத் தண்டவாளம் ஒன்று 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை எனப் பெயர் பெற்று, உடப்புசல்லாவையை அடையாமலே இராகலையில் நின்றுவிட்ட அப்பாதை 1940களில் கைவிடப்பட்டது. (மலையகத்திற்குத் தரப்பட்டவற்றுள் பெயரளவில் மட்டும் வந்து சேர்ந்தது இது ஒன்றுதானா என்பது வேறு ஆராய்ச்சி.) இத்தகைய குறுந்தண்டவாளங்களை ஆங்கிலத்தில் ‘லைட்’ இரயில்வே என்பர். பாடசாலைச் சொற்பட்டியலில் ‘லைட்’ என்பதற்கு எதிரே எழுதப்பட்டிருப்பது ‘ஒளி’. அப்பட்டியலை நம்பிய மாணவன் தன் பாட்டனார் கண்ட அந்தச் சிறிய புகையிரதத்தை ஒளிப் புகையிரதம் என்றே கொள்வான். எடை குறைந்தது எனும் பொருளுடைய லைட், ஒளியெனும் பொருளுடைய லைட்டுக்கு உடன்பிறப்புமன்று, உறவுமன்று. இரண்டும் வேறு வேர்களிலிருந்து வந்து ஒலியால் ஒன்றானவை. ஆனால் பட்டியலில் ஒரு கோட்டிற்கு ஒரு பொருளுக்கே இடமுண்டு.

இத்தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலம் அறியாத பிள்ளை என்பது ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. உண்மை யாது? விடியற்காலையில் தாய் செல்லுமிடம் பெரட்டுக்களம். பெரட்டு என்பது இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’. வேலையை மொத்தமாகப் பேசி எடுப்பது கொந்தரப்பு, அது ‘கொன்ட்ராக்ட்’. வேலை பார்ப்பவர் கண்டாக்கையா, அவர் ‘கண்டக்டர்’. பெயர் பதிவது செக்ரோலில். குடியிருப்பது மேல் டிவிசனிலோ கீழ் டிவிசனிலோ. உறங்குவது லயத்தில், அது ‘லைன்’. நூற்றாண்டிற்கும் மேலாகத் தோட்டத்துத் தமிழ் ஆங்கிலத்தை மென்று விழுங்கித் தன் உடலாக்கிக்கொண்டிருக்கின்றது. ஆங்கிலேயத் துரை பேசிய சொற்களை, எழுத்தறியாத உழைப்பாளிகள் தம் நாவிற்கேற்ப வளைத்து, தமிழின் ஒலி மரபிற்குள் அடக்கி, வேற்றுமையுருபு சேர்த்து வழங்கினர். இதனினும் சிறந்த மொழிப்பயிற்சி எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அந்தப் பிள்ளை பாடசாலைக்குள் நுழைந்ததும் நிகழ்வது யாது? விஞ்ஞான பாடத்தில் ‘கண்டக்டர்’ என்றால் மின்கடத்தி என்கின்றனர். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்பவர் பயணச்சீட்டு தருபவர். வீட்டிலோ கண்டாக்கையா. மூன்றும் ஒரே சொல், மூன்றும் ‘கூட்டிச் செல்லுதல், நடத்துதல்’ என்னும் ஒரு கருத்தின் கிளைகள், மின்சாரத்தைக் கொண்டுசெல்வது ஒன்று, பயணிகளை நடத்திச் செல்வது ஒன்று, தொழிலாளரை வேலைத்தலத்தில் நடத்துவது ஒன்று என்று ஓர் ஆசிரியர் ஐந்து நிமிடம் செலவழித்துக் கூறினால், அப்பிள்ளைக்கு விஞ்ஞானமும் ஆங்கிலமும் தன் தோட்டமும் ஒரே கணத்தில் துலங்கும். கூறுவாரில்லை. தோட்டத்துச் சொல் கொச்சை. அதை வகுப்பில் உச்சரிப்பது இழுக்கு. ஆகவே பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, தெரியாத ஆங்கிலத்தைப் படிக்க உள்ளே செல்கின்றது.

‘புரூன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்க. அகராதியில் அது உலர்ந்த பிளம்ஸ் பழம்; வெட்டிக் கழித்தலும் அதுவே. இவ்விரண்டும் பிறப்பால் வேறான சொற்கள். முதலாவது இலத்தீனில் பழத்தின் பெயர். இரண்டாவது பழைய பிரெஞ்சில் கொடி கழிக்கும் தொழிலின் பெயர். உலர்ந்த பிளம்ஸ் பழத்தைத் தோட்டத்துப் பிள்ளை கண்டதில்லை. காணும் வாய்ப்பும் அரிது. ஆனால் கவ்வாத்து என்றால் அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையைக் கவ்வாத்து வெட்டுவர், எந்த உயரத்தில் வெட்டுவர், வெட்டிய மிலார் யார் வீட்டு அடுப்பிற்குப் போகும், வெட்டிய மலை தளிர்க்கும் வரை கொழுந்து குறைவதால் வீட்டு வரவு எவ்வாறு சுருங்கும் என்பனவெல்லாம் அப்பிள்ளை அறியும். இலண்டனில் வளரும் பிள்ளை புரூன் என்ற வினைச்சொல்லை அறிவதிலும் பன்மடங்கு ஆழமாக இப்பிள்ளை அறியும். ஆயினும் தேர்வில் அது பழத்தின் படத்தைக் கண்டு விழிக்கின்றது. விடைத்தாளில் பூச்சியம் பெறுகின்றது.

‘பவுண்ட்’ என்பதன் கதை இன்னும் விரிவானது. அது நிறையளவு, தோட்டத்தார் அதனை இறாத்தல் என்பர். அந்த நிறையளவின் பெயரே ஆங்கிலேயரின் நாணயத்திற்கும் ஆயிற்று. கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டிக்கும் பவுண்ட் என்று பெயர். இது வேறு சொல். உரலிலிட்டு இடிப்பதும் பவுண்ட். இது மூன்றாவது சொல். கொழுந்தை இறாத்தலில் நிறுத்த காலத்தில், நிறுத்தது இறாத்தல், தேயிலை விற்றுச் சென்றது பவுண், தொழிலாளரை அடைத்து வைத்தது ஒருவகைப் பட்டி. நான்காவது பொருளை விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று ‘லீஃப்’. தோட்டத்தில் இலை என்பது கொழுந்து. கொழுந்தெடுப்பதே தாயின் தொழில். அதன் பன்மை ‘லீவ்ஸ்’. ‘அவள் போகின்றாள்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ‘லீவ்ஸ்’. விடுமுறைக்கு ‘லீவ்’. இலை, நீங்குதல், அனுமதி ஆகிய மூன்றும் பழைய ஆங்கிலத்தில் மூன்று வேறு வேர்களிலிருந்து வந்தவை. விடுமுறை என்ற பொருள் அனுமதி என்பதிலிருந்தே பிறந்தது. இம்மூன்றையும் ஒரு பிள்ளை பிரித்தறிவது எங்ஙனம்? தொல்காப்பியர் காட்டிய வழியிலேதான். எழுவாய் யார், வினை எது, அருகில் நிற்கும் சொல் எது, பேசப்படும் சூழல் எது என்பவற்றைக் கொண்டே அறிய வேண்டும். தனிச்சொல்லைப் பட்டியலில் தூக்கிலிட்டால் வினையுமில்லை, இனமுமில்லை, சார்புமில்லை. தமிழ் இலக்கணம் கற்பித்த ஆசிரியரே அடுத்த மணிநேரத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலைகள் மலையகத்தில் உண்டு. முதல் மணிநேரத்தில் கிளவியாக்கத்தை விளக்கியவர், இரண்டாம் மணிநேரத்தில் அதனை மறந்துவிடுவது வியப்பிற்குரியது.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது ஒன்றுண்டு. தொடக்கத்திலேயே பல பொருளைக் கூறினால் பிள்ளை குழம்பிவிடும். ஆகவே முதலில் ஒரு பொருள், பின்னர் மற்றவை என்பர். கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆறு மணிக்கு எழுந்து, ஆறு பெருகியதால் பாலத்தைச் சுற்றி நடந்து, தேநீர் ஆறிவிட்டதென்று முகஞ்சுளிக்கும் ஐந்து வயதுப் பிள்ளை எந்த ஆற்றிலும் குழம்புவதில்லை. ‘இன்றைக்கு அரைப் பேர்தான் போட்டார்கள்’ என்று தந்தை சொல்லும்போது, பேர் என்றது நாட்சம்பளத்தைத்தான், தன் பெயரில் பாதியை அன்று என்பது அதற்குத் தெரியும். துண்டு என்றால் தோளில் போடுவது எது, ‘பற்றுச்சீட்டு’ எது என்பதும் தெரியும். (அப்பிள்ளையின் முன்னோருக்கு மூன்றாவது துண்டு ஒன்றும் தெரிந்திருந்தது. கடன் தீர்த்த சான்றாகத் துரை எழுதித் தந்தாலன்றி வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாதபடி கட்டி வைத்த துண்டு அது, 1921இல் ஒழிக்கப்பட்டது.) குழப்பம் பிள்ளையிடம் இல்லை. பின்னர் சொல்வதாகக் கூறும் மற்றப் பொருள்கள் எந்த வகுப்பிலும் சொல்லப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஒளியென்று கற்ற லைட், க. பொ. த. சாதாரண தரத்திலும் ஒளியாகவே எரிந்துகொண்டிருக்கின்றது.

தோட்டத்துத் தமிழும் இவ்விளையாட்டில் பின்தங்கியதன்று என்பதற்கு லயம் என்னும் சொல் ஒன்றே போதும். லைன் என்பது வரிசை. ஒரே கூரையின் கீழ், முதுகோடு முதுகாகவும் பக்கத்தோடு பக்கமாகவும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை வரிசையாகக் கட்டிக் குடும்பங்களை இருத்தினர். அவ்வரிசைக்கு லைன் என்று பெயரிட்டனர். தமிழ்நா அதனை லயன் என்றும் லயம் என்றும் ஆக்கிற்று. லயம் என்பது இசையில் காலக்கட்டுப்பாடு, மெய்யியலில் ஒடுக்கம். ஒடுங்கியிருக்கும் இடம் என்று பொருள்கூறி மகிழ்வோர் உளர், அது பிழை. வடமொழி லயமும் ஆங்கில லைனும் தமிழ் ஒலியில் மோதிக்கொண்டன என்பதே உண்மை. இனி லயன் என்று எழுதினால் சிங்கமும் ஆகும். நகரத்துக் கனவான்களின் லயன்ஸ் கழகமும் தோட்டத்து லயன் அறையும் தமிழெழுத்தில் ஒரே வரிவடிவம் பெறுகின்றன. ஆங்கிலத்தில் தொடர்பற்ற இரு சொற்களைத் தமிழ் ஒன்றாக்கிவிட்டது. ஆங்கிலத்தை எள்ளி நகையாடும் சொல்லின் செல்வர் இதற்கு என்ன விடை கூறுவார்?

தேயிலை வாணிகத்தின் சொற்களும் அத்தகையனவே. ‘புரோக்கன் ஒரேஞ் பீக்கோ’ என்று பெட்டியில் எழுதுகின்றனர். புரோக்கன் என்றால் உடைந்து கெட்டது அன்று, இலையின் அளவு. ஒரேஞ் என்றால் தோடம்பழம் அன்று. பீக்கோ, தளிரின் வெண்மயிரைக் குறித்த தென்சீனச் சொல். ‘டஸ்ட்’ என்பது தூசியன்று, தரத்தின் பெயர். நல்ல தரங்கள் ஏலத்திற்குச் சென்ற பின் உழைப்பவரின் குவளைக்கு வந்து சேர்வது இதுவாகையால், தோட்டத்தில் இவ்விரு பொருளும் அவ்வளவு தூரம் விலகி நிற்கவில்லை.

மலையக நகரங்களின் வங்கி வாசல்களில் ‘போனிங்’ என்று பெரிய எழுத்தில் தொங்குகின்றது. தீபாவளிக்கு முன்னரும், பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கும் தை மாதத்திலும் தோட்டத்துத் தாய்மார் தம் காதணிகளோடு அவ்வாசலில் நிற்பதை எவரும் காணலாம். அடகு என்னும் பொருளுடைய ‘போன்’ ஒரு சொல். சதுரங்கத்தில் முன்னே தள்ளப்பட்டு முதலில் வெட்டுப்படும் காலாளாகிய ‘போன்’ வேறு சொல், காலடியைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டிற்கும் உறவில்லை என்பது சொற்பிறப்பியலின் முடிவு. சமூகவியல் வேறு முடிவு கூறக்கூடும்.

இவையெல்லாம் வகுப்பறை விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சொற்களின் இரண்டாம் பொருள், மூன்றாம் பொருள் வாழ்வையே முறித்த வரலாறு மலையகத்திற்கு உண்டு.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் பிரசாவுரிமையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று பதிவால், மற்றையது ‘டிசென்ட்’ வழியால். டிசென்ட் என்றால் சொற்பட்டியலில் ‘இறங்குதல்’. மலைச்சரிவில் நாள்தோறும் ஏறியிறங்குவோருக்கு அதனினும் பழகிய சொல் வேறில்லை. சட்டமோ அதன் மற்றைப் பொருளாகிய வம்சாவளியைக் கொண்டது. சட்டம் வருமுன் பிறந்தவர், தாமும் தந்தையும் இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ காட்ட வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றே இல்லாத லயத்தில் எவர் எதைக் காட்டுவது? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு. அதே 1949இல் வாக்குரிமை பிரசைகளுக்கே உரியதென்று தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. மாற்றுக் கருத்து என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒலிப்பது ‘டிசென்ட்’ என்றே. எழுத்து வேறு, வேர் வேறு. முதல் டிசென்ட் இல்லாதோருக்கு இரண்டாவது டிசென்டைப் பாராளுமன்றத்தில் பதிவு செய்யும் வழியும் அடைக்கப்பட்டது.

‘ஸ்டேட்’ என்றால் நிலை; அரசு; நாடு; கூறுதல். ‘எஸ்டேட்’ என்றால் தோட்டம், சொத்து, ஒரு காலத்துப் பிரான்சில் சமூகப் படிநிலை. இவை தொடர்பற்றவைபோலத் தோன்றினும் உண்மையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வேரொன்றிலிருந்து வந்தவை. எஸ்டேட்டில் வாழ்ந்தோர் ஸ்டேட் அற்றோர் ஆக்கப்பட்டனர். நாடற்றோர் என்று தமிழில் எழுதப்பட்டனர். ஒரே வேரில் பிறந்த இரு சொற்களுள் ஒன்று அவர்களது உழைப்பை எடுத்துக்கொண்டது, மற்றையது அவர்களைத் தள்ளிவைத்தது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கொழுந்தையேனும் நிறுத்துப் பார்த்துத்தான் பிரிப்பர். அனுப்பப்படுதலுக்கு ஆங்கிலத்தில் தந்தையர் நாட்டிற்குத் திரும்புதல் என்று பொருள்படும் சொல்லை வைத்தனர்; தமிழ்நாட்டில் அதனைத் தாயகம் திரும்பியோர் என்று மொழிபெயர்த்தனர். இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் பிறந்து, இராமானுஜம் கப்பலைக் காணும் வரை கடலையே காணாத ஒருவன் எங்கே திரும்பினான்? நாடற்றோர் என்ற நிலை சட்டத்தில் முற்றாக முடிவிற்கு வந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே.

ஆங்கிலம் அறியாமையால் இவ்வுரிமை பறிபோயிற்று என்பது இங்கு வாதமன்று. அவ்வாறு கூறுவது குற்றத்தைப் பறிகொடுத்தவர் தலையிற் சுமத்துவதாகும். வாக்கின் பலம் கண்டு அஞ்சியோரின் அரசியலே அதனைப் பறித்தது. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலே கவிதை எழுதுமளவிற்கு அம்மொழியை அறிந்தவர். அவ்வறிவு அவரது மக்களின் வாக்கைக் காக்கவில்லை. ஆனால் தம் வாழ்வை வேற்றுமொழியாளர் முன் வைக்கும் கருவியாக அது அவருக்குப் பயன்பட்டது. பறிப்பவன் எந்தச் சொல்லால் பறிக்கின்றான் என்பதை வாசித்தறியும் கண் வேறு, பத்துச் சொற்களை மனனஞ் செய்யும் நாக்கு வேறு.

கூலி என்பதை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க இயலாது. தமிழில் அது உழைப்பிற்கு உரிய ஊதியம். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பது உழைக்கும் மனிதன், அதுவும் இழிவாகக் கருதப்பட்ட மனிதன். அச்சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. குஜராத்தியக் கோலி இனத்தவரின் பெயரைக் காட்டுவோரும் உளர். எவ்வாறாயினும் துரைமாரின் ஏடுகளில் ஊதியத்தின் பெயர் ஆளுக்கு வந்தது, ஊதியம் ஆளுக்கு வரவில்லை.

ஆகவே மலையகப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிப்போர் முதலில் செய்யத்தக்கது, கோடு போட்ட சொற்பட்டியலை அடுப்பிலிடுவது. அடுத்து, தோட்டத்தில் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளின் வாய்மொழியாகவே திரட்டி, ஒவ்வொன்றையும் அதன் மற்றைப் பொருள்களோடு வாக்கியத்தில் வைத்துப் படிப்பிப்பது. இதற்குக் கொழும்பிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் பயிலும் மலையக மாணவர் விடுமுறையில் வீடு செல்லும்போது தம் தாயாரிடம் அரைமணிநேரம் அமர்ந்து எழுதிக்கொண்டால் ஓர் அகராதிக்கு வேண்டிய பொருள் கிடைக்கும். ஆண்டுதோறும் முத்தமிழ் விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தும் தமிழ்ச் சங்கங்கள் அதனை அச்சிடலாம். பொன்னாடைகள் இரண்டு குறைந்தால் தாள் வாங்கப் பணம் மிஞ்சும்.

காலம் கடத்த இயலாது என்பதற்குக் காரணமும் உண்டு. 2015ஆம் ஆண்டிற்குப் பின் தோட்டங்களில் தனிவீட்டிற்கென ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு எழுந்தது. பின்னர் பத்துப் பேர்ச்சஸ் ஆயிற்று. பேர்ச் என்பது கோலைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்த நில அளவு. பறவை அமரும் கொம்பிற்கும் அதே சொல். ஒருவகை மீனுக்கும் பேர்ச் என்று பெயர். அது கிரேக்க வழி வந்த வேறு சொல். அக்காணியைக் குடும்பத்திற்கு உரியதாக்குவது ‘டீட்’ என்னும் பத்திரம். சொற்பட்டியலில் டீட் என்றால் ‘செயல்’. பத்திரத்தில் இருக்க வேண்டியது ‘டைட்டில்’. பட்டியலில் டைட்டில் என்றால் ‘தலைப்பு’. தமிழில் அப்பத்திரத்திற்கு உறுதி என்று பெயர். ஒவ்வொரு தேர்தலிலும் தோட்டத்தார் பெற்றதும் உறுதிதான். இன்று ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையில் இன்னும் சில ஆண்டுகளில் ஒரு தாள் கொடுக்கப்படலாம். அது காணியின் உறுதியா, குடியிருக்கத் தரும் அனுமதியா, பறவை போல் சிறிது நேரம் அமர்ந்துகொள்ள விட்ட கொம்பா என்பதை அப்பிள்ளைதான் தன் தாய்தந்தையருக்கு வாசித்துக் கூற வேண்டியிருக்கும்.